ஏழாம் தாழி திறந்த காலை

திபிலிசி,
14 நவம்பர் 1978

அன்புள்ள ஷக்ரோ அண்ணனுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். லமாரா அண்ணியையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் தாழியின் அடியில் சுரண்டி எடுத்த மண்ணின் சோதனை முடிவு நேற்று வந்துவிட்டது. திராட்சை அமிலம் இருக்கிறது. ஏதோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இல்லை, கொட்டிக் கிடக்கிறது! சோதனைக்கூடத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இத்தனை வருஷ வேலையில இப்படி ஒண்ண நான் பார்த்ததில்ல மக்வாலா. நேத்து ஊத்தின மாதிரியில்ல இருக்கு" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். பாவம், பயந்துபோனாள்.

ஆறு வருடம் நாம் வெயிலில் கருகியது வீண்போகவில்லை, அண்ணா. அரபு எமீரின் சிப்பாய்கள் காவல் காத்த வடக்கு வாசலில், அவர்கள் படுத்துத் தூங்கிய அறையிலிருந்து நாலடி தள்ளி, கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழியில் மது இருந்திருக்கிறது. பேராசிரியர் எர்மிலே இருபது வருடமாக என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்? எட்டாம் நூற்றாண்டில் நம் நசோப்லி குடிக்காத படை இருந்த எல்லை ஊர், திராட்சை மிதித்த தொட்டியெல்லாம் அதற்கு முந்தைய காலத்தது, தாழிகளில் இருந்தது தண்ணீரும் கோதுமையும்தான் என்று. அவர் புத்தகத்தில் அதற்கு ஒரு முழு அத்தியாயம். இனி அதை அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் மாநாட்டில் கட்டுரை வாசிக்கிறேன். எர்மிலே முன்வரிசையில்தான் உட்காருவார். அவர் முகம் போகிற போக்கை நீங்கள் பார்க்க முடியாதே என்பதுதான் என் குறை.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. மூடியைத் தூக்கியவர் நீங்கள். மேலே களிமண் பூச்சு எப்படி இருந்தது, எப்படித் தூக்கினீர்கள், திறந்ததும் நான் உடனே மாதிரி எடுத்தேன், வேறு யாரும் கை வைக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கட்டுரையோடு இணைக்க வேண்டும்.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள்
மக்வாலா


நசோப்லி,
29 நவம்பர் 1978

மக்வாலா அம்மாவுக்கு ஷக்ரோ எழுதுவது.

கடிதம் கிடைத்தது. லமாரா சத்தம் போட்டுப் படித்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 'நேத்து ஊத்தின மாதிரி' என்ற இடம் வந்ததும் அவள் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். மாடு நன்றாகத்தான் இருந்தது.

குழிகளின் மேல் தகரம் போட்டு, காற்றில் பறக்காமல் கல் வைத்திருக்கிறோம். மழை இந்த முறை அதிகம். வானோ தன் பங்குக் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு மூன்று நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். அவன் மனைவி, "கல்லு தூக்கினியா, இல்ல கல்லு உன்னத் தூக்குச்சா?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறாள். லமாராவின் முழங்காலுக்கு ஒன்றுமில்லை, வாய்தான் வலிக்காமல் ஓடுகிறது. திராட்சைக் கூழில் தோய்த்த வால்நட் மாலை பத்து, பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். எண்ணி வாங்குங்கள், அவன் வழியில் ஒன்றைத் தின்றுவிடுவான்.

நீங்கள் கேட்ட பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. எனக்கு மண்வெட்டிதான் பழக்கம்.

அம்மா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழாம் தாழி இல்லாமல் கட்டுரை எழுத முடியாதா? மிதிதொட்டி இருக்கிறது. உடைந்த தாழி ஆறு இருக்கிறது. அதுவே போதாதா?

ஷக்ரோ


திபிலிசி,
11 டிசம்பர் 1978

ஷக்ரோ அண்ணா,

ஒன்பது மாலை வந்தது. டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தார்.

ஏழாம் தாழி இல்லாமல் முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடத்த முடியாதா என்று கேளுங்களேன்! உடைந்த ஆறையும் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உடைத்திருக்கலாம், எதை வேண்டுமானாலும் கொட்டியிருக்கலாம் என்று எர்மிலே ஒரே வாக்கியத்தில் ஊதித் தள்ளிவிடுவார். பூச்சு கலையாத மூடியோடு கிடைத்தது அது ஒன்றுதான். ஆயிரத்து இருநூறு வருடம் யாரும் உள்ளே எதையும் போடவில்லை என்று நான் அடித்துச் சொல்லக்கூடிய ஒரே தாழி.

எழுத வரவில்லை என்றீர்கள். அதனால் நானே தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். 'செப்டம்பர் 22, காலை எட்டு மணி, அகழாய்வுத் தலைவர் முன்னிலையில்' என்று அதில் இருக்கும். என் களக் குறிப்பேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

அந்தக் காலையைப் பற்றி நாம் பேசிக்கொண்டதில்லை. இனியும் வேண்டாம், அண்ணா. ஆட்களிடம் எனக்குக் காய்ச்சல் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

இந்த வாரமே அனுப்புங்கள்.

மக்வாலா


நசோப்லி,
6 ஜனவரி 1979

மக்வாலா அம்மாவுக்கு,

புத்தாண்டு விருந்து முடியட்டும், உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். அப்படிச் சொல்வதும் பொய். பயந்துகொண்டு தள்ளிப்போட்டேன். லமாரா நேற்று காகிதத்தையும் பேனாவையும் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டாள். "எழுதி முடி, அப்புறம் சோறு" என்றாள். இதை எழுதும்போது எனக்குப் பசிக்கவும் இல்லை.

பேச வேண்டாம் என்றீர்கள். ஆனால் அந்தக் காலையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மூடி கலையாத தாழி கிடைத்தது என்று முதல்நாள் எங்கள் வீட்டில் விருந்து போட்டோம். நீங்கள் ஆண்களுக்குச் சமமாக உட்கார்ந்து, வானோவின் கொம்புக் கோப்பையை வாங்கி மூன்று முறை காலி செய்தீர்கள். "என்னைக் குடிச்சு ஜெயிக்க இந்த ஊர்ல ஆள் இருக்கா?" என்று கேட்டீர்கள். இருக்கவில்லை. ஆனால் காலையில் லமாரா ஈரத்துணியை வைத்து எழுப்பியும் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

ஏழு மணிக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. குழியின் கிழக்குக் கரை ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் இறங்கினால் பூச்சு கரைந்து சேறு மொத்தமும் உள்ளே போய்விடும். மூடியை எடுத்துவிட்டால் தாழியின் வாயில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டலாம். ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். நான்தான் திறக்கலாம் என்றேன். களிமண் பூச்சைக் கத்தியால் சுற்றி அறுத்து, கல் மூடியை நானும் வானோவும் தூக்கினோம். விளிம்பின் உட்புறத்தில், மண் ஈரமாக இருந்தபோது பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. யாரோ செய்தவருடையது. நாங்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டோம். யாரும் சொல்லிக் கழற்றவில்லை.

அப்போது வானோ சொன்னான்: "என்ன ஷக்ரோ, ஒருத்தர் வீட்டுத் தாழியத் தெறந்துட்டு சும்மா நிக்கிற? அவங்களுக்கு ஒரு வாய் ஊத்த வேணாமா?"

என் பையில் வீட்டு ஒயின் இருந்தது. அம்மா, நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. செத்தவர்களின் பொருளைத் தொட்டால் முதல் வாய் அவர்களுக்கு. நான் ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி, "ஆண்டவர் உங்கள மன்னிக்கட்டும், எங்களையும் மன்னிக்கட்டும்" என்று சொல்லி, தாழிக்குள்ளேயே கவிழ்த்தேன். தரையில் ஊற்றியிருக்கலாம். ஆனால் அவர்கள் ஊற்றி வைத்த இடம் அதுதானே என்று கை உள்ளே போய்விட்டது. அடியில் போய் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பழைய மண் அதை உறிஞ்சிக்கொண்டது. பிறகு மழை பிடித்தது, தாழியின் வாயில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி மூடினோம்.

இரண்டு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். கண் சிவந்து, முகம் வெளுத்து, எங்கள் யாரையும் பார்க்காமல் நேராகக் குழிக்குள் இறங்கினீர்கள். உள்ளே தலையை விட்டு முகர்ந்தீர்கள். வெளியே வந்தபோது உங்கள் கண்ணில் தண்ணீர். "வாசனை வருது, ஷக்ரோ அண்ணா! ஆயிரத்து இருநூறு வருஷம் கழிச்சு வாசனை வருது!" என்றீர்கள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். தலைவலியோடு வந்தவர் சந்தோஷமாக இருக்கிறாரே, போகட்டும் என்று நினைத்தேன். சோதனை என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதில் இது தெரியுமென்று எனக்குத் தெரியாது. ஒரு கிண்ணம்தானே என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் பார்த்தது எட்டாம் நூற்றாண்டு இல்லை. அது என் வீட்டு ரக்கத்சித்தேலி ஒயின், 1977 அறுவடை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நீங்கள் அனுப்பிய காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை.

ஷக்ரோ


திபிலிசி,
15 ஜனவரி 1979

ஷக்ரோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

ஆறு வருடம் என்னோடு வேலை செய்தவர் நீங்கள். மண்ணில் எச்சில்கூடத் துப்பக் கூடாது என்று ஆட்களை விரட்டியவர் நீங்கள். ஒரு திராட்சை விதை கிடைத்தால் அதைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுக்கக் கற்றவர் நீங்கள். நாடே தேடிக்கொண்டிருந்த ஒரே ஒரு மூடிய தாழிக்குள், ஒரு கிண்ணம் ஒயினைக் கவிழ்த்துவிட்டு, நாலு மாதம் மென்று விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நான் அங்கே நின்று அழுதேன். உங்கள் எல்லோர் முன்னாலும் உங்கள் வீட்டு ஒயினை முகர்ந்து அழுதேன்! வானோ எத்தனை நாள் சிரித்தான்?

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது, உங்கள் பக்கம் மட்டும்தான் பாக்கி. மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் என் பெயர் வந்துவிட்டது. இப்போது நான் போய் என்ன சொல்வது? மாதிரி கெட்டுவிட்டது என்றால், எப்படிக் கெட்டது என்பார்கள். நீ அங்கே நின்று என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்பார்கள். குறிப்பேட்டில் நீ இருந்ததாக எழுதியிருக்கிறாயே என்பார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? மதுவைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள் குடித்துவிட்டு மதியம்வரை எழுந்திருக்கவில்லை என்றா? எனக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் அகழாய்வுத் தலைமை கொடுக்காத நிறுவனம் இது. எனக்குப் பின்னாலும் கொடுக்க மாட்டார்கள்.

அன்று குழியில் இருந்தது எத்தனை பேர்? அவர்கள் வாயை மூடச் சொல்லுங்கள். அந்தத் தாழியில் மது இருந்தது என்பது எனக்குத் தெரியும். உங்கள் கிண்ணம் இல்லாவிட்டாலும் இருந்திருக்கும். மிதிதொட்டியிலிருந்து வாய்க்கால் நேராக அதற்குத்தான் வருகிறது. உண்மைக்குத்தான் சாட்சி கேட்கிறேன், பொய்க்கு இல்லை.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எனக்கு நீங்கள் பட்ட கடனை இப்படித் தீர்த்துவிடலாம்.

ம.


நசோப்லி,
3 பிப்ரவரி 1979

மக்வாலா அம்மாவுக்கு,

போட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது. ஆட்களிடமும் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள், அம்மாவுக்குத் தலைகுனிவு வரும் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

வானோ சிரிக்கவில்லை. நீங்கள் அழுததைப் பார்த்து அவனும் அழுதான். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஷக்ரோ


திபிலிசி,
24 மார்ச் 1979

ஷக்ரோ அண்ணா,

உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதைச் சொல்ல வேறு ஆள் எனக்கு இல்லை.

வாசித்துவிட்டேன். உங்கள் காகிதத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். கையெழுத்தில் உங்கள் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் அந்த இடத்தைப் பார்க்காமல் பேசினேன். முடித்ததும் கைதட்டினார்கள். பிறகு எர்மிலே எழுந்தார்.

சண்டைக்கு வருவார் என்று பத்துப் பதில்கள் தயாராக வைத்திருந்தேன். எழுபது வயது மனிதர், கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, அவையைப் பார்த்துத் திரும்பினார். "இருபது வருஷமா நான் ஒரு தப்பைச் சொல்லிக் குடுத்திட்டு இருந்திருக்கேன். இங்க என் மாணவர்கள் பலபேர் இருக்கீங்க. அந்த அத்தியாயத்தை நீங்க படிக்க வேணாம். மக்வாலா சரி. நான் தப்பு" என்றார். அவ்வளவுதான். என்னிடம் நடந்து வந்து என் கையைப் பிடித்துக் குனிந்து முத்தமிட்டார். அவருடைய கை சூடாக இருந்தது. என் கையை நான் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு எழுதியவள் நான்தான். பார்த்துவிட்டேன்.

அன்று மாலை விருந்தில் எனக்காகக் கோப்பை தூக்கினார்கள். ஒரு சொட்டும் இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். நல்ல பெண் என்று ஒருவர் பாராட்டினார்.

எர்மிலே உங்கள் ஊருக்கு வர ஆசைப்படுகிறார். தாழியைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நான் தடுக்க முடியவில்லை. என்ன காரணம் சொல்வது? அவர் வந்தால் எதுவும் பேசாதீர்கள், அண்ணா. தகரத்தைத் திறந்து காட்டிவிட்டு அனுப்பிவிடுங்கள்.

மக்வாலா


நசோப்லி,
30 ஏப்ரல் 1979

மக்வாலா அம்மாவுக்கு,

அவர் வந்தார்.

ஈஸ்டர் ஞாயிறுக்கு அடுத்த நாள் வந்தார். பஸ்ஸில், தனியாக, ஒரு துணிப்பையோடு. ஊர் முழுக்கக் கல்லறையில் இருந்த நேரம். நானும் என் அப்பாவுக்கு முட்டையும் ரொட்டியும் வைத்து, சிவப்பு ஒயின் ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கூட வானோவும் மற்ற ஆட்களும். "நீங்கதானே ஷக்ரோ? கையெழுத்தப் பார்த்திருக்கேன்" என்று கையை நீட்டினார். நான் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

குழிக்குப் போனோம். தகரத்தை எடுத்தோம். அவர் வாய்க்காலைப் பார்த்தார், உடைந்த ஆறையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு ஏழாவதன் பக்கத்தில், முழங்கால் மடங்காத மனிதர், எப்படியோ மண்ணில் உட்கார்ந்தார். விளிம்பில் அந்தக் கட்டைவிரல் ரேகையை நான் காட்டினேன். தன் விரலை அதில் வைத்துப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு புட்டியும் கிண்ணமும் எடுத்தார்.

"எல்லாரும் இன்னைக்கு அவங்கவங்க ஆளுக்கு ஊத்திட்டு வர்றீங்க. இவங்களுக்கு யாரு இருக்கா?" என்று சொல்லி, கிண்ணத்தைத் தாழிக்குள் சாய்க்கப் போனார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "வேணாங்க ஐயா! உள்ள ஊத்தக் கூடாது. இன்னும் மண்ணு எடுக்கணும், சோதனை கெட்டுப்போகும்."

"அட ஆமா! கிழவனுக்குப் புத்தி போச்சு பாருங்க" என்று சிரித்துவிட்டுக் கரையில் ஊற்றினார். ஆண்டவர் மன்னிக்கட்டும் என்று சொன்னார். நாங்களும் சொன்னோம். பிறகு என்னைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார். "அன்னைக்கு மூடியத் தூக்கினப்ப நீங்க எங்க ஊத்தினீங்க?"

ஆறு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஊத்தலைங்க" என்றேன்.

"ஊத்தலையா?"

"இல்லைங்க."

"ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா? இந்த ஊர்க்காரங்களா இருந்துகிட்டு?"

"சொல்லலைங்க ஐயா. வேலை மும்முரம்."

அவர் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டினார். "மழை வேற வந்திருக்கும். பரவாயில்ல, விடுங்க" என்று எனக்காக அவரே ஒரு சாக்கும் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை. அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். வானோ சாலையில் நின்றான். "செத்தவங்களுக்கு ஊத்திட்டு ஊத்தலைன்னு சொன்ன மொத ஆளு நீதான்யா. அதுவும் இன்னைக்கி, அதுவும் அவங்க வீட்டு வாசல்லயே நின்னு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வருவதில்லை, அவ்வளவுதான்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு இவ்வளவு கூசவில்லை, அம்மா. அது காகிதம். அதிலிருந்த பொய் எனக்குப் பாதிதான் புரிந்தது. இதைச் சொன்னது என் வாய். ஊற்றியது தப்பு என்றால் அந்தத் தப்பு என்னுடையது, அதற்கு எங்கே வேண்டுமானாலும் வந்து தலைகுனிந்து நிற்பேன். ஊற்றவில்லை என்று சொன்னேன் பாருங்கள், அதற்கு எங்கே போய் நிற்பது?

இந்த வருடம் நான் வேலைக்கு வரவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழி வேலிக் கதவின் சாவி லமாராவிடம் இருக்கிறது.

ஷக்ரோ


திபிலிசி,
12 மே 1979

அன்புள்ள ஷக்ரோ அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் எர்மிலேயின் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை அள்ளி வைத்தார். உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விருந்து, கொம்புக் கோப்பை, மதியம் இரண்டு மணி, குறிப்பேட்டில் எழுதிய பொய், உங்கள் கிண்ணம், உங்களை மிரட்டி வாங்கிய கையெழுத்து, ஈஸ்டர் திங்கட்கிழமை நீங்கள் யாருக்காகப் பொய் சொன்னீர்கள் என்பது, எல்லாம். அவரைப் பார்க்காமல் பீன்ஸைப் பார்த்துச் சொன்னேன்.

கேட்டுவிட்டு முதலில் அவர் கேட்டது: "என்ன ஒயின்?"

"ரக்கத்சித்தேலி. அவங்க வீட்டுது."

"நல்லதா?"

"நல்லது."

சிரித்தார், அண்ணா. இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னது சரியாகவே இருக்கலாம் மக்வாலா. அந்த வாய்க்காலைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். ஆனா இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தாழி இனி பேசாது" என்றார். அதைக் கேட்டபோதுதான் நான் எதைத் தொலைத்தேன் என்பது உறைத்தது. தொலைத்தது நீங்கள் இல்லை. தலைவர் பக்கத்தில் நின்றிருந்தால், "கரையில ஊத்துங்க அண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அதற்காகத்தான் தலைவர் என்று ஒருத்தியை வைக்கிறார்கள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். அங்கே வைத்துக் கேட்டார்: "சரி, அவன் ஊத்தினான். நீ ஊத்தினியா?"

"எங்க?"

"எங்கயாவது. ஆறு வருஷமா அவங்க வீட்டத் தோண்டுற. அவங்க எலும்ப எண்ணுற, விதைய எண்ணுற. ஒரு நாளாவது அவங்களுக்கு ஒரு வாய் ஊத்தினியா?"

ஊற்றியதில்லை. ஒரு முறைகூட இல்லை. அது உங்களைப் போன்றவர்கள் செய்வது என்று நினைத்திருந்தேன்.

நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். நசோப்லி அகழாய்வு இனி என்னுடையது இல்லை. யாருக்கு என்று ஜூனில் முடிவு செய்வார்கள். அறையைக் காலி செய்தபோது எல்லோரும் திடீரென்று வேலையில் மூழ்கியிருந்தார்கள். குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஒரு கோடு மட்டும் அடித்து, கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: 'தாழி 7 திறக்கப்பட்டபோது நான் அங்கே இல்லை. முதல்நாள் குடித்த மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். மழைக்கு முன் அதைத் திறந்து காப்பாற்றியவர் ஷக்ரோ. இறந்தவர்களுக்கு உரியதை அவர் கொடுத்தார். மாதிரி எடுத்தது நான், ஆறு மணி நேரம் கழித்து, எதையும் விசாரிக்காமல்.'

கடன் என்று ஒரு வார்த்தை ஜனவரியில் உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள். எரிக்காவிட்டாலும் எனக்குப் புரியும்.

நான் அங்கே வர வேண்டும். குழிக்காக இல்லை, அதில் இறங்க எனக்கு இனி உரிமை இல்லை. வானோவிடமும் மற்றவர்களிடமும், நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று என் வாயால் சொல்ல வேண்டும். வரட்டுமா?

மக்வாலா


நசோப்லி,
20 மே 1979

மக்வாலா அம்மாவுக்கு,

வாருங்கள். வியாழன் பஸ் இல்லை, வெள்ளிக்கிழமை புறப்படுங்கள்.

ஆட்களிடம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முதலில் எழுதினேன். லமாரா படித்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துவிட்டாள். "அவங்க சொல்லித்தான் ஆகணும். நீயும் கேட்டுத்தான் ஆகணும்" என்றாள். சரி, சொல்லுங்கள். வானோவிடம் நீங்கள் வருவதைச் சொன்னேன். நாலு வாரத்தில் முதல் தடவையாக என் முன்னால் உட்கார்ந்தான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஜனவரி கடிதத்தை எரித்துவிட்டேன், அந்த ஒரு வார்த்தை மட்டும் எரியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நான் வர மாட்டேன். ஆட்கள் பார்க்க நான் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்துப் பேசி வருவது இப்போது என்னால் ஆகாது. உங்களாலும் ஆகாது என்று நினைக்கிறேன். லமாரா வருவாள். அவளோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். நான் தோட்டத்தில் இருப்பேன். முதலில் வானோவிடம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். அப்புறம் தோட்டத்துப் பக்கம் வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.

ஷக்ரோ